ஐஸ்லா மழை

நரிப்பொட்டலில் அந்த வருசம் மழை ஆங்கிலத்தில் பெய்தது. அதற்கு முந்தைய வருசங்களில் எந்த மொழியிலும் பெய்யவில்லை என்பதால் ஊரில் ஒருவரும் அதைக் குறையாகச் சொல்லவில்லை. நரியும் பொட்டலும் சேர்ந்துதான் ஊருக்கு இந்தப் பெயர் வந்தது. நரிகள் என்றைக்கோ தண்ணீர் தேடிக் கிளம்பிப் போய்விட, பொட்டல் மட்டும் விசுவாசமாக எங்களோடு தங்கிவிட்டது. மற்ற மாவட்டங்களில் தப்புச் செய்த அரசாங்க ஊழியர்களை ‘தண்ணியில்லாக் காட்டுக்கு மாத்திருவேன்’ என்று மிரட்டுவார்களே, அப்படி மாற்றல் வாங்கி வந்து இறங்குகிறவர்களுக்கு முதல் சொம்புத் தண்ணீரை நீட்டுகிற ஊர் எங்கள் ஊர். அந்தச் சொம்புத் தண்ணீரும், தள்ளுவண்டியில் குடங்களை அடுக்கிக்கொண்டு சீமைக்கருவேலங் காட்டைத் தாண்டி, பக்கத்து ஊர் ஆழ்குழாயில் வரிசையில் நின்று, சண்டை போட்டு, சமாதானமாகி, தள்ளிக்கொண்டு வந்த தண்ணீராகத்தான் இருக்கும்.

வள்ளிமயிலும் அப்படி வண்டி தள்ளுகிறவள்தான். மிளகாய்க் கொல்லைகளில் பழம் பறிக்கப் போவாள், வந்து வண்டி தள்ளுவாள். புருசன் காலமாகி வெகுகாலம் ஆகிவிட்டது. இருப்பது ஒரே மகள், முனீஸ்வரி. தினமும் பஸ்ஸில் ராமநாதபுரம் போய்வந்து ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்சாக இருந்த முனீஸ்வரிக்கு வெளிநாட்டு ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும் என்று ஆசை. அதற்கு ஒரு பரீட்சை உண்டு. அதில் எழுதுவது, படிப்பது, கேட்பது எல்லாம் அவளுக்குத் தண்ணீர்பட்ட பாடு (எங்கள் ஊரில் இதைச் சொல்லக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது). பேச்சுத் தேர்வில் மட்டும், எதிரே இருப்பவர் வாயைத் திறந்ததும் இவள் வாய் மூடிக்கொள்ளும்.

வள்ளிமயிலுக்கு ஒரே பயம்தான். மகள் பரீட்சையில் தேறிவிடுவாள் என்கிற பயம். வெளிநாடு போன பிள்ளைகள் திரும்பி வராமல் இல்லை. வருகிறார்கள், விருந்தாளியாக வருகிறார்கள், கையோடு தண்ணீர் பாட்டில் வாங்கிக்கொண்டு வருகிறார்கள். பெற்றவள் நீட்டிய சொம்பைப் பார்த்து ‘இது கொதிக்க வச்சதா?’ என்று கேட்ட பிள்ளைகளை அவள் பார்த்திருக்கிறாள். அப்படி ஒரு கேள்வியைத் தன் மகள் வாயிலிருந்து கேட்கிற நாள் வந்துவிடக் கூடாது என்று காளிக்கு நேர்ந்திருந்தாள். மகள் முன்னால் மட்டும், ‘நல்லாப் படி ஆத்தா, நல்லா வரும்’ என்பாள்.

பரீட்சைக்காகச் சேர்ந்திருந்த பயிற்சி மையத்துக்காரர்கள்தான் முனீஸ்வரிக்கு ஒரு பேச்சுத் துணையைப் பிடித்துக் கொடுத்தார்கள். ஆங்கிலமே தாய்மொழியாகப் பிறந்த ஒரு ஆளோடு தினமும் அலைபேசியில் ஒரு மணி நேரம் பேசவேண்டும். பாதி நேரம் அவர் மொழி, பாதி நேரம் நம் மொழி. அந்த ஆள் ஸ்காட்லாந்துக்கு மேற்கே கடலுக்குள் கிடக்கிற ஒரு தீவுக்காரி. பெயர் ஐஸ்லா, முனீஸ்வரியின் வயதுதான் இருக்கும். படகுத் துறையில் வருகிற கப்பலுக்குக் கயிறு பிடித்துக் கட்டுவது வேலை. ஏனம்மா தமிழைத் தேர்ந்தெடுத்தாய் என்று கேட்டதற்கு, மற்ற மொழிகளுக்கு எல்லாம் பெரிய வரிசை நின்றது, தமிழுக்கு யாரும் நிற்கவில்லை, எனக்கு வரிசையில் நின்று பழக்கமில்லை என்றாளாம். குடத்தோடு வரிசையில் நின்றே வளர்ந்த முனீஸ்வரியிடம் சொன்னாள் இதை.

முதல் நாள், சாயங்காலம் வெயில் தாழ்கிற நேரம். முனீஸ்வரி முற்றத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து அலைபேசியை எடுத்தாள். வள்ளிமயில் பக்கத்தில் புளி ஆய்ந்துகொண்டிருந்தாள். நாம் யாரைக் கண்டாலும் சாப்பிட்டாச்சா என்று கேட்டுவிட்டுத்தானே மற்றதைப் பேசுவோம், அந்த ஊர்க்காரர்களுக்கு வானத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் பேச்சைத் தொடங்க வராது. ஐஸ்லாவும் வணக்கம் சொல்லிவிட்டு, தன் வழக்கப்படி, ‘இட்ஸ் ரெய்னிங் ஹியர்’ என்றாள். சொன்ன வாய் மூடுவதற்குள் வள்ளிமயிலின் முற்றத்தில் மழை விழுந்தது.

நம் பக்கத்து மழை என்றால் இடியும் மின்னலுமாகத் தண்டோரா போட்டுக்கொண்டு வந்து, அரைமணி நேரம் கூத்தாடிவிட்டு, பந்தல்காலைப் பிடுங்கிக்கொண்டு ஓடிப்போகும். இது அப்படி இல்லை. மெல்லிசாக, நிதானமாக, எங்கேயும் அவசரமாகப் போகவேண்டியதில்லை என்பது மாதிரி விழுந்தது. தொட்டால் சில்லென்று இருந்தது, கடற்பாசி வாசமும் நனைந்த ஆட்டு ரோமத்தின் வாசமும் அதில் இருந்தன. ஓட்டின் மேலும் முற்றத்திலும் விழுந்ததே தவிர சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு சொட்டுக்கூடப் போகவில்லை. வள்ளிமயில் எழுந்து, முதலில் புளியை உள்ளே எடுத்து வைத்தாள், அப்புறம் குடங்களை வரிசையாகக் கொண்டுவந்து வெளியே வைத்தாள்.

பக்கத்து வீட்டு செய்தூன் பீவி சுவருக்கு மேலே தலையை நீட்டினாள்.

“என்ன மைனி, ஓங்க வீட்டு மேல மட்டும் பெய்யுது?”

“பாப்பா இங்கிலீஷ் பேசுறா.”

“அப்படியா,” என்று சொல்லிவிட்டு செய்தூன் உள்ளே போய்த் தன் குடங்களை எடுத்துக்கொண்டு வந்தாள்.

பேச்சு முடிந்ததும் மழை நின்றது. மறுநாள் முனீஸ்வரி பேசியபடியே தெருவில் நடந்து பார்த்தாள், மழையும் அவள் கூடவே குடை மாதிரி நடந்து வந்தது. அதற்குப் பிறகு ஊருக்கு எதையும் விளக்கவேண்டியிருக்கவில்லை. பஞ்சாயத்துத் தலைவர் வில்லாயுதம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து, கண்மாய்க்கரையில் ஒரு நாற்காலி போட்டிருக்கிறேன், வந்து உட்கார்ந்து பேசு தாயி என்றார். அவள் உட்கார்ந்து பேசினாள். ஊரணிப் படிக்கட்டில் உட்கார்ந்து பேசினாள். வரப்பு வரப்பாக நடந்து பேசினாள். ஐஸ்லாவின் ஊரில் மழைக்கு அத்தனை விதமான பேர் இருந்தது, விடாமல் நசநசக்கிற மழைக்கு ஒரு பேர், கடற்காற்றோடு சாய்ந்து அடிக்கிற மழைக்கு ஒரு பேர், இது மழையா பனியா என்று தெரியாமல் முகத்தில் வந்து ஒட்டுவதற்கு ஒரு பேர். அவள் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, அந்த அந்த மழை அந்த அந்த வயலில் வந்து இறங்கியது. எங்களிடமும் சாரல், தூறல், தூவானம் என்று வார்த்தைகள் இருந்தன, ஆனால் பரணில் போட்ட பித்தளைப் பாத்திரம் மாதிரி எடுத்துப் புழங்க வழியில்லாமல் கிடந்தன. அந்த வருசம்தான் பிள்ளைகள் எது சாரல் எது தூறல் என்று தோலில் பட்டுத் தெரிந்துகொண்டார்கள். மழை விட்டும் தூவானம் விடவில்லை என்று சொல்லிக்கொள்ள எங்களுக்கும் ஒரு உரிமை வந்தது.

கண்மாய் நிறைந்த அன்று ஊர் முழுக்கக் கரையில் போய் நின்றோம். மண்ணுக்கடியில் எத்தனை வருசமாகத் தூங்கினவோ தெரியாத தவளைகள் எழுந்து கத்தின. வெள்ளையும் சாம்பலுமாக, நாங்கள் பார்த்தே இராத ஒரு கடற்பறவை, மழையோடு மழையாக வழிதவறி வந்துவிட்டது போல, மடைக்கல்லில் உட்கார்ந்து எங்களைத் திரும்பத் திரும்பப் பார்த்தது. பெரிய மனுசர் ஒருவர் செருப்பைக் கழற்றிவிட்டுத் தண்ணீரைக் கும்பிட்டார். அதைப் பார்த்து எல்லாரும் கழற்றினோம். எனக்கு இன்றைக்கு நினைத்தாலும் மயிர்க்கூச்செறிகிறது.

இது இப்படியென்றால் ஊர் சும்மா இருக்குமா? ஆளாளுக்கு ஒரு பேச்சுத் துணை வேண்டும் என்று பயிற்சி மையத்தில் போய் நின்றார்கள். அங்கேதான் வந்தது வினை. மழை பேச்சு இருக்கிற வரைக்கும்தான் பெய்யும். நம் ஆட்களுக்கு ஹலோ, ஹவ் ஆர் யூ, ஐ ஆம் ஃபைன், இதற்கு மேல் என்ன பேச்சு? மூன்று சொட்டு விழும், நின்றுவிடும். துணைக்கு வாய்க்கிறவர்களும் எல்லாரும் மழைநாட்டுக்காரர்களாக அமையவில்லை. கனடாக்காரர் ஒருவரைப் பிடித்த பெரியகருப்பன் தோட்டத்தில் பனிக்கட்டி கொட்டி, காய்ப்பில் இருந்த முண்டு மிளகாய் அத்தனையும் விறைத்துப் போயிற்று. ஆனால் அமெரிக்காவில் அரிசோனா என்கிற பொட்டல்காட்டுக்காரர் ஒருவர் வாய்த்ததை நாங்கள் வீணாக்கவில்லை. மிளகாய் காய்கிற களத்தில் அவரை ஹலோ சொல்ல வைத்தால் போதும், பழம் மொரமொரவென்று காய்ந்துவிடும். எப்போதும் மூட்டமாகவே இருக்கிற லண்டன்காரி ஒருத்தியைக் கல்யாண வீடுகளில் வெற்றிலை பாக்கு வைத்து அழைத்தார்கள், ஒரு வணக்கம் சொன்னால் தாலி கட்டி முடிகிற வரைக்கும் நிழல் விழும், பந்தல் மிச்சம். யார், எந்த நேரத்தில், எந்த ஊர்க்காரரோடு பேசுவது என்று பஞ்சாயத்தில் முறை வைத்தார்கள், வாய்க்காலில் தண்ணீர் பாய்ச்ச முறை வைப்போமே அதே மாதிரி. டீக்கடை சண்முகவேல் மட்டும் இதற்கு எதற்கு வெள்ளைக்காரன் என்று, ஐஸ்லா சொன்ன அந்த ஒரு வாக்கியத்தைத் தானே மனப்பாடம் பண்ணி, மொட்டைமாடியில் நின்று தொண்டை கிழியக் கத்திப் பார்த்தார். வானம் அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அந்தந்த மண்ணில் ஊன்றியவர்கள் சொன்னால்தான் அந்தந்த வானம் கேட்கும் என்று அன்றைக்கு எல்லாருக்கும் விளங்கியது.

அதனால் நரிப்பொட்டலுக்குப் பெய்கிற மழை என்றால் அது முனீஸ்வரி பேசுகிற மழைதான், ‘ஐஸ்லா மழை’ என்றே அதற்குப் பெயர் விழுந்தது. கண்மாய்த் தண்ணீரை நம்பி, பலகாலமாகத் தரிசாகக் கிடந்த வயலில் எல்லாம் நெல் நட்டார்கள். ஐஸ்லாவுக்கு நஷ்டம் ஒன்றுமில்லையாம், அவள் ஊரில் மழை போதும் போதும் என்று கிடந்தது. இத்தனை நாளில் முதல்தடவையாகக் கொடியில் போட்ட துணி காய்ந்தது என்று சந்தோசப்பட்டாள்.

ஆனால் ஒன்று. பேச்சு சும்மா ஒரே வழியில் போகுமா? ஐஸ்லா நடுவில் தன் ஆட்டுக்குட்டிகளைப் பற்றிச் சொல்வாள், சண்டை போட்டுக்கொண்டு பிரிந்துபோன தங்கச்சியைப் பற்றிச் சொல்வாள், முனீஸ்வரியின் வேலையைப் பற்றிக் கேட்பாள். பேச்சு அந்தப் பக்கம் திரும்பியதும் மழை இளைத்துவிடும். வரப்பில் நிற்கிறவர்கள், ‘தாயி, மழையைக் கேளு, மழையைக் கேளு’ என்று சைகை காட்டுவார்கள். கடைசியில் ஊர்க்கூட்டம் போட்டு, அறுப்பு முடிகிற மட்டும் மழையைத் தவிர வேறு பேச்சு எடுக்கக்கூடாது என்று முனீஸ்வரியிடம் கேட்டுக்கொண்டார்கள். கேட்டுக்கொண்டார்கள் என்று நான் மரியாதைக்குச் சொல்கிறேன். அவளும் சரி என்றாள். வள்ளிமயில் அதைத் தடுக்கவில்லை. மழையை மட்டும் பேசினால் மகளுக்கு மழை மட்டும்தான் வரும், பரீட்சை வராது என்பது அவளுக்கு அப்போதே தெரியும். தன் வேண்டுதலைக் காளி இப்படிச் சுற்றிவளைத்து நிறைவேற்றுகிறாள் என்று நினைத்துக்கொண்டாள்.

மதுரையில் பரீட்சை நடந்தது. எதிரே இருந்த அம்மாள், உனக்குப் பிடித்த சாப்பாட்டைப் பற்றிச் சொல் என்றாள். முனீஸ்வரி அதைத் தொடங்கி இரண்டாவது வாக்கியத்தில் மழைக்கு வந்துவிட்டாள். உன் சிநேகிதியைப் பற்றிச் சொல் என்றாள், அதிலும் மழை. ஒரு நோயாளிக்கு அவர் உடம்பு நிலையை எப்படி எடுத்துச் சொல்வாய் என்றாள். மழைக்கு நூறு வார்த்தை வைத்திருந்தவள் வலிக்கு ஒரு வார்த்தை கிடைக்காமல் தலைகுனிந்து எழுந்து வந்தாள்.

அவள் தோற்றுவிட்ட செய்தி வந்த அன்று வில்லாயுதம் ஒரு பொட்டலம் பூந்தியோடு வீட்டுக்கு வந்தார். “விடு தாயி, இதெல்லாம் ஒரு பரிச்சையா? நீ ஊருக்கே படியளக்குற ஆளு,” என்றார். அவர் கெட்ட மனுசர் இல்லை, மனசாரத்தான் சொன்னார். முனீஸ்வரி பூந்தியைத் தொடவில்லை. வள்ளிமயில் வாயில் போட்டாள், இனித்தது. மகள் தோற்றதற்கு வந்த பூந்தி தனக்கு இனிக்கிறதே என்று நினைத்ததும் அவளுக்கு வெட்கமாகப் போய்விட்டது. பொட்டலத்தை மடித்து அடுப்படியில் வைத்தாள்.

மறுநாள் முனீஸ்வரி தோற்ற விசயத்தை ஐஸ்லாவிடம் சொன்னாள். எப்படித் தோற்றாய், ஏன் தோற்றாய் என்று அவள் விடாமல் துளைத்துக் கேட்க, ஊர் கேட்டுக்கொண்டதையும் சொல்ல வேண்டியதாயிற்று. கேட்டதும் ஐஸ்லா, தான் கற்றுக்கொண்ட உடைந்த தமிழில், “மழை வேணாம். உனக்கு வலி பேசணும், சோறு பேசணும், எல்லாம் பேசணும். நீ பாஸ் பண்ற வரை நான் மழை சொல்ல மாட்டேன்,” என்றாள். சொன்னபடியே அவள் சொல்லவில்லை. வானம் பழையபடி வெளுத்தது.

அப்போது நெல் கதிர்விட்டுப் பால்பிடிக்கிற நேரம். கண்மாயில் இருந்த தண்ணீர் மேட்டு வயல்களுக்கு ஏறவில்லை. ஊர் பொறுத்துப் பார்த்தது, பிறகு வள்ளிமயில் வாசலுக்கு வந்தது. வில்லாயுதம் முன்னால் நின்றார், பின்னால் தெருவே நின்றது.

“வள்ளிமயிலு, நீதான் சொல்லணும். பாப்பா ஒரு வார்த்தை கெஞ்சிக் கேட்டா அந்தப் புள்ள சொல்லாதா? ஒரு நனை நனைச்சாப் போதும், கதிர் தேறிரும்.”

“அவளுக்கு என்ன அவசரம் இப்ப?” என்றது பின்னாலிருந்து ஒரு குரல். “அடுத்த வருசம் எழுதட்டும் பரிச்சையை. ஓடியா போகுது?”

வள்ளிமயில் திரும்பி மகளைப் பார்த்தாள். முனீஸ்வரி நிலைப்படியில் சாய்ந்து நின்றிருந்தாள்.

“நீ கேட்கச் சொன்னா கேக்குறேம்மா,” என்றாள். “அவ எனக்காக விரதம் மாதிரி இருக்கா. நான் அழுதாச் சொல்லிருவா. ஆனா ஒண்ணு சொல்லு. நான் கடைசி மட்டும் தண்ணி பிடிச்சு ஊத்துற ஆளாத்தான் இருக்கணுமா?”

வள்ளிமயில் தலையை அசைத்தால் போதும், மகள் போகமாட்டாள். இந்த வருசமும் போகமாட்டாள், அடுத்த வருசமும் ஊர் விடாது. நெல்லும் தேறும், பிள்ளையும் மடியில் இருக்கும், ஊரும் கொண்டாடும். அவள் நேர்ந்துகொண்டது இதற்குத்தான். ஆனால் தள்ளுவண்டியின் பின்னால் குனிந்து குனிந்து தன் முதுகு போன விதம் அவளுக்குத் தெரியும், இப்போது அந்த வண்டி கண்ணுக்குத் தெரியாமல் மகள் கையில் இருப்பதும் தெரிந்தது. அவள் வாசலில் இறங்கி நின்று சேலையை இழுத்துச் செருகினாள்.

“எம்புள்ள என்ன பம்புசெட்டா? நீங்க பட்டனைத் தட்டுனதும் ஊத்துறதுக்கு? இத்தனை நாளு ஊத்துனாள்ல, குடிச்சீங்கள்ல, குளிச்சீங்கள்ல. எவனாச்சும் ஒருத்தன் அவ தொண்டை வறண்டிருக்கான்னு கேட்டீங்களா? போங்க. போயி அவனவன் ஹலோ சொல்லி மூணு சொட்டுப் பிடிங்க.”

ஒருவரும் நகரவில்லை. பிறகு வில்லாயுதம்தான் முதலில் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். அந்த வருசம் மேட்டு வயல்களில் பாதிக் கதிர் மணி பிடிக்காமல் சாவியாகப் போயிற்று. அதற்காகச் சிலர் வள்ளிமயிலோடு முகம் கொடுத்துப் பேசாமல் இருந்தார்கள், நானும் கொஞ்ச நாள் இருந்தேன். ஆனால் எங்கள் ஊருக்கு ஒரு குணம், கோபத்தையும் சேர்த்து எதிலாவது உபயோகப்படுத்திவிடும். போகிறவள் போகத்தான் போகிறாள், சீக்கிரம் தேறிப் போனாலாவது அவள் அங்கேயிருந்து மழையைச் சொல்வாள் என்று யாரோ கிளப்பிவிட, அதன்பிறகு முனீஸ்வரியைக் கண்டவர்கள் எல்லாம் கேள்வி கேட்டார்கள். பஸ்ஸில் கண்டக்டர் கேட்டார். செய்தூன் சுவருக்கு மேலே தலையை நீட்டி, “எனக்கு மூட்டு வலிக்குது, அதை இங்கிலீசுல சொல்லு பாப்போம்,” என்றாள். ஐஸ்லா தன் தங்கச்சியைப் பற்றி அழுதுகொண்டே சொல்ல, இவளும், கடைசி நாட்களில் பேச்சு போய்க் கிடந்து செத்துப்போன தன் அப்பாவைப் பற்றிச் சொன்னாள். ஒரு சொட்டு மழையில்லாமல் நடந்த அந்தப் பேச்சுகளில்தான் முனீஸ்வரியின் வாய் திறந்தது.

அவள் தேறினாள். ஐஸ்லாவின் தீவுக்கு எதிர்க்கரையில் இருந்த ஒரு ஊரின் ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. வள்ளிமயில் பஸ் ஏற்றிவிட வந்தாள், பஸ் போனபின் காலியான ரோட்டைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, வண்டியைத் தள்ளிக்கொண்டு தண்ணீருக்குப் போனாள்.

முதல் அழைப்பு வந்த நாள் ஊரே குடத்தோடு அவள் முற்றத்தில் கூடியிருந்தது. முனீஸ்வரி அழுது முடித்து, சாப்பிட்டியாம்மா என்று கேட்டு முடித்து, “இங்க மழைம்மா,” என்றாள். எல்லாரும் நிமிர்ந்து பார்த்தார்கள். வானம் கழுவி வைத்த வெண்கலத் தட்டு மாதிரி பளபளத்தது. அவளை ஆங்கிலத்தில் சொல்லச் சொன்னார்கள், சொன்னாள். ஐஸ்லாவையே பக்கத்தில் வைத்து வள்ளிமயிலோடு பேச வைத்தார்கள், ஹலோவுக்கு மேல் வள்ளிமயிலுக்கு ஓடவில்லை, மூன்று சொட்டு விழுந்து நின்றுபோயிற்று.

“அவ நம்ம ஊருப் புள்ளதான,” என்றார் சண்முகவேல், தன் மொட்டைமாடி அனுபவத்தை நினைத்துக்கொண்டு. “அந்த ஊரு மழை அவ சொன்னா எப்படிக் கேக்கும்?”

ஊர் காலிக் குடங்களோடு திரும்பிப் போனது. வள்ளிமயில் மட்டும் அன்றைக்கு வயிறு நிறையச் சாப்பிட்டாள். மகள் கூப்பிடுவாள், மழை என்பாள், ஒரு சொட்டும் விழாது, வள்ளிமயிலுக்கு நெஞ்சு குளிரும். வறண்ட வானத்தைப் பார்த்து நரிப்பொட்டலில் சந்தோசப்பட்ட ஒரே மனுசி அவள்தான். முனீஸ்வரி விடுப்பில் வந்தபோதும் சொம்பை அண்ணாந்து கடகடவென்று குடித்தாள், ஒரு கேள்வியும் கேட்கவில்லை. ஊர் பழையபடி வரிசையில் நின்றது, அரிசோனாக்காரரை வைத்து மிளகாயைக் காயவைத்தது, ஐஸ்லா மழையைப் பற்றிப் பிள்ளைகளுக்குச் சொல்லியது. வருசங்கள் இப்படிப் போயின.

பிறகு ஒரு நாள் சாயங்காலம், வள்ளிமயில் முற்றத்தில் வற்றல் பரப்பிக்கொண்டிருந்தபோது அலைபேசி அடித்தது. முனீஸ்வரி வேலை முடிந்து வீட்டுக்குப் போகிற அவசரத்தில் இருந்தாள் போல, மூச்சு வாங்கியது.

“அய்யோ, என்ன மழைம்மா இது, ஒரு வாரமா விடல. துணி ஒண்ணு காயல. எங்க ஊர்ல இந்த மாசம் எப்பவும் இப்படித்தான், சனியன்.”

வள்ளிமயிலின் புறங்கையில் ஒரு சொட்டு விழுந்தது. அவள் அதைப் பார்த்தாள். வியர்வையாக இருக்கும் என்றுதான் முதலில் நினைத்தாள். இன்னொன்று விழுந்தது, வற்றலின் மேல் ஒன்று, முக்காலியின் மேல் ஒன்று, பிறகு மெல்லிசாக, நிதானமாக, கடற்பாசி வாசத்தோடும் ஆட்டு ரோம வாசத்தோடும் மழை இறங்கியது. ஓட்டின் மேல் விழுந்தது, சுவரைத் தாண்டி விழுந்தது, தெருவில் விழுந்தது, கண்மாய் வரைக்கும் ஒரே சீராக விழுந்தது. ஐஸ்லா சொல்லிக்கூட இத்தனை அகலத்துக்குப் பெய்ததில்லை. வள்ளிமயில் வற்றலை எடுக்கவில்லை. கடலுக்கு அந்தப் பக்கம் ஒரு வானம் தன் மகள் பேச்சுக்குக் கட்டுப்படுகிறது, தன் வயிற்றில் பிறந்து, குடம் சுமந்து வளர்ந்தவள் இன்றைக்கு ஒரு கடற்கரை முழுவதற்கும் சொந்தக்காரியாக நின்று சலித்துக்கொள்கிறாள் என்று நினைத்தபோது பெருமையில் அவளுக்கு மூச்சு முட்டியது. அதே மூச்சில், மகள் போய்விட்டாள் என்பதும் தெரிந்தது. பஸ் ஏறிய அன்று போகாதவள் இன்றைக்குப் போய்விட்டாள். வள்ளிமயில் வாய்விட்டு அழுதாள்.

தெருவில் கூச்சல் கிளம்பிவிட்டது. குடங்கள் உருள்கிற சத்தம், பிள்ளைகள் கத்துகிற சத்தம், யாரோ தகரத்தைத் தட்டுகிற சத்தம்.

“என்னம்மா அங்க சத்தம்? ஏன் அழுறே?” என்றாள் முனீஸ்வரி.

“மழை பெய்யுது ஆத்தா.”

“அங்கயா? யாரு பேசுறா?”

“நீதான்.”

அந்தப் பக்கம் பேச்சு நின்றது. அவளும் நரிப்பொட்டலில் பிறந்தவள்தானே, அதற்கு மேல் அவளுக்கு விளக்கவேண்டியதில்லை. வள்ளிமயில் காதில் அலைபேசியை அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றாள். மகள் மூச்சு விடுவது மட்டும் கேட்டது. இங்கே மழை மெல்ல மெல்ல இளைத்தது, சொட்டுக்குச் சொட்டு இடைவெளி விழுந்தது. இன்னும் கொஞ்சம் இப்படியே இருவரும் சும்மா இருந்துவிட்டால் நின்றுவிடும். நின்றுவிட்டால் இது நடக்கவே இல்லை என்று வைத்துக்கொள்ளலாம்.

செய்தூன் நனைந்த முக்காட்டோடு சுவருக்கு மேலே தலையை நீட்டினாள். எதையோ கேட்க வாயெடுத்தவள், வள்ளிமயிலின் முகத்தைப் பார்த்துவிட்டு, கையிலிருந்த குடத்தைச் சுவர்மேல் வைத்தாள். அவளுக்குப் பின்னால் தெருவே அண்ணாந்த முகமாக நின்றது.

வள்ளிமயில் முந்தானையால் மூக்கைச் சிந்திக்கொண்டாள்.

“ஏன் நிறுத்திட்டே? பேசு,” என்றாள். “உன் ஊர்ல எப்படிப் பெய்யுது, அதைச் சொல்லு. நான் கேக்குறேன்.”

முதலில் தட்டுத் தடுமாறி, பிறகு அங்கேயே பிறந்தவளைப் போல, முனீஸ்வரி சொல்லத் தொடங்கினாள்.